பைபாப் மாஸ்க் போட்டால் அம்மாவுக்கு வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, ராத்திரி கழற்றி எறிகிறார்கள். என்ன செய்யலாம்?

குலசேகரம்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. சின்ன வயதிலிருந்தே விறகடுப்பு, அதோடு இருபது வருஷத்துக்கு மேல் முந்திரி ஆலையில் (எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம்) வறுக்கிற இடத்தில் வேலை. பீடி சிகரெட் பக்கமே போகாதவருக்கு சி.ஓ.பி.டி. (நுரையீரலின் காற்றுக் குழாய்கள் குறுகிப்போகிற நாள்பட்ட நோய்) என்று டாக்டர் சொன்னபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. போன மாதம் மூச்சுத்திணறல் கூடி ஐ.சி.யு.வில் ஐந்து நாள் இருந்தார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டது என்று மாஸ்க் வைத்துக் காற்று கொடுத்தார்கள், தொண்டையில் டியூப் போடாமல் தப்பித்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது ராத்திரி முழுக்க பைபாப் (மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவுகிற மெஷின்) போட வேண்டும், கூடவே கான்சன்ட்ரேட்டரிலிருந்து (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற கருவி) நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஆக்சிஜன் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற வகை.

பத்து மணிக்கு மாஸ்க் போட்டால் ஒரு மணி, இரண்டு மணிக்குள் எழுந்துவிடுகிறார்கள். வாய் அப்படியே காய்ந்த ஓலை மாதிரி இருக்கிறது. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறது, அதைப் பிரிக்கும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்கிறது, கீழுதட்டில் நடுவே வெடித்து ரத்தக்கோடு. பேச வாய் வராமல் சைகை காட்டி, பிறகு சொன்னார்கள்: “எனக்கு இந்த மூச்சு வேண்டாம் மக்களே, ஒரு மடக்கு வெள்ளம் தா.” அதைக் கேட்டபின் எப்படி மறுபடி அந்த மாஸ்க்கை முகத்தில் வைப்பது? இரண்டு ராத்திரி வைக்காமலே விட்டுவிட்டேன். காலையில் தலைவலி, ஒரே தூக்கக் கலக்கம். பயந்துபோய் மூன்றாம் நாள் மறுபடி வைத்தேன்.

மெஷினோடு ஹ்யூமிடிஃபையர் (மெஷின் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிற தண்ணீர்த் தொட்டி) வேண்டுமா என்று விற்றவரிடம் கேட்டேன். “நம்ம ஊர் காற்றிலேயே ஈரம் நிறைய இருக்கு, அது குளிர்ப் பிரதேசத்துக்காரங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, மாஸ்க்குக்குப் பக்கத்தில் மாட்டுகிற வெள்ளை பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்றைக் கொடுத்தார். அது ஈரத்தைப் பிடித்து வைக்குமாம். மாட்டியும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கான்சன்ட்ரேட்டரில் தண்ணீர் பாட்டில் குமிழி விட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கேட்க நினைப்பது இதுதான். ராத்திரி தண்ணீர் கொடுக்கலாமா? உதட்டுக்கு தேங்காய் எண்ணெய் தடவுகிறேன், சரியா? ஹ்யூமிடிஃபையர் உண்மையிலேயே நமக்குத் தேவையா? வாங்கினால் அதில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா? அடுத்த செக்கப்புக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது.

---

தக்கலை_சிஸ்டர்:

தங்கச்சி, முதலில் ஒன்று. அம்மா கழற்றி எறிவது பிடிவாதம் இல்லை. ஐ.சி.யு.வில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறேன், மாஸ்க் சிகிச்சை பாதியில் நின்றுபோன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். “ஒத்துழைக்கவில்லை” என்று கேஸ் ஷீட்டில் எழுதிவைத்திருப்பார்கள், பக்கத்தில் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் நாக்கில் பட்டை பட்டையாகக் காய்ந்த சளி ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு, லீக்கைச் சரிபண்ணி மறுபடி வைத்தால் அதே ஆள் நாலு மணி நேரம் போட்டுக்கொள்வார். வாய் வறட்சி சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

டாக்டரைக் கேட்காமல் இனி ஒரு ராத்திரியும் மாஸ்க்கை நிறுத்த வேண்டாம். நீங்கள் சொல்கிற காலைத் தலைவலியும் தூக்கக் கலக்கமும் கார்பன் டை ஆக்சைடு மறுபடி ஏறுகிறதற்கான அடையாளமாக இருக்கலாம். செக்கப்புக்குக் காத்திருக்காமல் நாளைக்கே போன் பண்ணி அந்த இரண்டு ராத்திரியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். எழுப்பினால் எழும்பாமல் மயங்கிக் கிடந்தாலோ, குழறிப் பேசினாலோ, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற அளவு) டாக்டர் சொன்ன அளவுக்குக் கீழே போனாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஆக்சிஜனை நீங்களாகக் கூட்டாதீர்கள். சி.ஓ.பி.டி.யில் இந்த மாதிரி கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சாச்சுரேஷன் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றுதான் வைப்போம், 99 காட்டினால் அது நல்லதில்லை.

சரி, இப்போது வாய்க்கு வருகிறேன். இன்றைக்கு ராத்திரி அம்மா தூங்கி அரை மணி நேரம் ஆனதும் பக்கத்தில் உட்காருங்கள். புறங்கையைத் தண்ணீரில் நனைத்து மாஸ்க்கைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள், எங்கே காற்று அடிக்கிறதோ அங்கே ஜில்லென்று தெரியும். மாஸ்க்கிலேயே காற்று வெளியே போகச் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள், அது இருக்க வேண்டியது, அடைத்துவிடாதீர்கள். நான் சொல்வது ஓரங்களை. கண்ணுக்குக் கீழே, கன்னத்தின் இரண்டு பக்கம், வாயோரம். வாய் திறந்திருக்கிறதா, கன்னம் உப்பி உப்பி அடங்குகிறதா என்றும் பாருங்கள். லீக் இருந்தால் அதை ஈடுகட்ட மெஷின் இன்னும் வேகமாகக் காற்றைத் தள்ளும், வாய் திறந்திருந்தால் அந்தக் காற்று வாய் வழியாகவும் ஓடும்.

அம்மாவுக்குப் பல்செட் உண்டா? இதை யாரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் பகலில் பல்செட்டோடு அளவு பார்த்து மாஸ்க் கொடுத்திருப்பார்கள், வீட்டில் ராத்திரி அதைக் கழற்றி டம்ளரில் போட்டதும் கன்னம் உள்ளே விழுந்துவிடும், மாஸ்க் ஓரத்தில் இடைவெளி வந்துவிடும். அதற்காக ஸ்ட்ராப்பை இழுத்து இழுத்துக் கட்டுவோம். கட்டக் கட்ட மூக்குத்தண்டில் புண் வரும், லீக் நிற்காது. ஸ்ட்ராப்புக்குள் இரண்டு விரல் போக வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் மாஸ்க் அளவு தப்பு என்று அர்த்தம். பல்செட் இல்லாமல், படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் வீட்டில் வெட்டுப்பட்டாலும் வறண்டாலும் கை முதலில் அதைத்தான் தேடும், எனக்கும் தெரியும். ஆனால் ஆக்சிஜன் ஓடும் இடத்தில் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தீப்பிடிக்க வாய்ப்பு உள்ள பொருள். மாஸ்க் ஓரத்து சிலிக்கானும் எண்ணெய் பட்டால் வழுக்கி, நாளாவட்டத்தில் கெட்டுப்போகும். மூக்கருகே தினமும் தடவினால் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கி அங்கே அழற்சி உண்டாக்கவும் செய்யலாம். தண்ணீர் அடிப்படையில் செய்த உதட்டு ஜெல் மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். செயற்கை உமிழ்நீர் என்று ஜெல்லாகவும் ஸ்ப்ரேயாகவும் கிடைக்கிறது, படுக்கப் போகும்போது ஈறிலும் கன்னத்தின் உட்பக்கமும் பட்டாணி அளவு தடவினால் ஓரளவு நேரம் தாங்கும்.

தண்ணீர் கொடுக்கலாம், ஆனால் முறை இருக்கிறது. எவ்வளவு நேரம் மாஸ்க் இல்லாமல் இருக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கைக் கழற்றி, நிமிர்த்தி உட்காரவைத்து, நன்றாக விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு ஸ்பூனில் ஒவ்வொரு வாயாக. விழுங்கி முடித்து இரண்டு மூன்று நிமிஷம் உட்கார்ந்திருந்து, இருமல் இல்லை என்றால் மாஸ்க். படுத்தபடியே மாஸ்க்கைத் தூக்கி வாயில் ஊற்றிவிட்டு உடனே மூடினால் தண்ணீர் காற்றோடு நுரையீரலுக்குப் போய்விடும். விழுங்கவே வேண்டாம், வாயை நனைத்தாலே பாதித் தாகம் அடங்கும். குழந்தைகளுக்கு வாங்குகிற மிருதுவான பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்குழி எல்லாம் பைய துடைத்துவிடுங்கள். எலுமிச்சை, கிளிசரின் வேண்டாம், போட்ட நேரம் நன்றாக இருக்கும், பிறகு இன்னும் காயும். ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷும் அப்படித்தான்.

இன்னும் ஒன்று. இன்ஹேலர் எடுக்கிறார்களா, நீர் பிரிகிற மாத்திரை உண்டா, தூக்கத்துக்கோ அரிப்புக்கோ ஏதாவது மாத்திரை உண்டா? இவற்றில் பல வாயைக் காயவைப்பவை. நிறுத்த வேண்டாம், பட்டியலை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நாக்கில் தயிர் படிந்த மாதிரி வெள்ளை தெரிந்து, துடைத்தால் அடியில் சிவப்பாக இருந்தால் அது பூஞ்சை, அதற்கு மருந்து தனி.

---

ஆரல்வாய்மொழி_வீடு:

அக்கா, நான் டாக்டரும் இல்லை நர்ஸும் இல்லை, குறட்டை நோய்க்கு ஆறு வருஷமாக சிபாப் (பைபாப் மாதிரி, ஆனால் ஒரே அழுத்தத்தில் காற்று தருகிற மெஷின்) போட்டுத் தூங்குகிறவன். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கணவாய் வழியாக அடிக்கிற அடிக்கு ஆடி மாதம் வெளியே காயப்போட்ட துணி அரை மணி நேரத்தில் விறைத்துவிடும். அதனால்தான் எனக்கு வாய் காய்கிறது என்று முதல் வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலை அடைத்தேன், ஈரத்துணி தொங்கவிட்டேன், தலைமாட்டில் சட்டியில் தண்ணீர் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

உண்மையான காரணம் என் மூக்கு. இடது பக்கம் எப்போதும் அடைப்பு. மூக்கு அடைத்தால் தூக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொள்ளும். நான் போடுவது மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க், ஆகவே காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியாக வெளியே ஓடுகிறது, ராத்திரி முழுக்க ஒரே திசையில். இப்போது படுக்கும் முன் இரண்டு மூக்கிலும் உப்புநீர்ச் சொட்டு மருந்து (மருந்துக்கடையில் சலைன் நேசல் டிராப்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள்), ஹ்யூமிடிஃபையர் மூன்றாம் நம்பரில், தாடையைத் தாங்குகிற பட்டை ஒன்று. மூன்றும் சேர்ந்தபிறகுதான் காலையில் எச்சில் என்ற ஒன்று வாயில் இருந்தது. அடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்தும் கடையில் கிடைக்கும், அதைத் தொடர்ந்து போட்டு மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொண்டது எனக்கு. சில நாளுக்கு மேல் அதைப் போடக்கூடாது என்று பிறகுதான் டாக்டர் சொன்னார்.

தாடைப் பட்டையை உங்கள் அம்மாவுக்கு நீங்களாக மாட்டிவிடாதீர்கள். அவர்கள் மாஸ்க் வகை வேறு, நோயும் வேறு.

---

மூச்சுக்கருவி_தம்பி:

சுவாசக் கருவிகளோடு தினமும் வேலை செய்பவன், ஊர் மார்த்தாண்டம் பக்கம். சிஸ்டர் முக்கியமானதை எல்லாம் சொல்லிவிட்டார்கள். “நம்ம ஊர் காற்றில் ஈரம் இருக்கிறது” என்ற பேச்சுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இதை நம்பி நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் அடியில் போய்ச் சேரும்போது 37 டிகிரி சூடும் முழு ஈரமும் கொண்டிருக்கும். ஒரு லிட்டர் காற்றில் 44 மில்லிகிராம் தண்ணீர். குமரி மாவட்டத்து ராத்திரி, 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உடம்பெல்லாம் பிசுபிசுக்கும், உப்பு ஜாடியில் உப்பு நீர்த்துவிடும், அந்தக் காற்றில்கூட லிட்டருக்கு சுமார் 22 மில்லிகிராம்தான் இருக்கும். சரிபாதி. மீதிப் பாதியை மூக்கும் வாயும் தொண்டையும்தான் கொடுக்க வேண்டும். ஏ.சி. போட்டு 24 டிகிரி, 50 சதவீதம் என்றால் வெறும் 11. ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து வருகிற ஆக்சிஜனில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை, ஐ.சி.யு.வில் வாய் இன்னும் மோசமாகக் காய்வது அதனால்தான்.

சாதாரணமாக மூச்சுவிடும்போது இது ஒரு சுமையே இல்லை, ஏனென்றால் வெளியே விடும் மூச்சிலிருந்து மூக்கு கொஞ்சம் ஈரத்தைத் திரும்பப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த மூச்சுக்கு அதையே கொடுக்கும். லீக் இருக்கும்போது போகிற காற்று அந்த வழியாகத் திரும்பி வருவதில்லை. மூக்கு கொடுத்துக்கொண்டே இருக்கும், திரும்ப வாங்க ஒன்றும் வராது. கொஞ்ச நேரத்தில் மூக்கின் உட்தோல் காய்ந்து வீங்கும், அடைக்கும், வாய் இன்னும் திறக்கும், லீக் இன்னும் கூடும். ஆரல்வாய்மொழி அண்ணன் சொன்னதும் இதுதான்.

அக்கா, இப்போது அந்த வெள்ளை ஃபில்டர். அது வெளியே விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து அடுத்த மூச்சில் திருப்பிக் கொடுக்கிற வகை. உங்கள் மாஸ்க்கிலேயே மூச்சு வெளியேறும் ஓட்டை இருக்கிறது, ஓரத்திலும் லீக் இருக்கிறது, அப்படியானால் வெளியே விடும் மூச்சு அந்த ஃபில்டருக்குத் திரும்பி வருவதே இல்லை, அது எதைப் பிடிக்கும்? பயன் இல்லை என்பதோடு காற்று போகிற வழியில் ஒரு தடையாகவும் இருக்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறவர்களுக்கு அது நல்லதில்லை. மாஸ்க் வழி சுவாச உதவிக்கு இந்த வகையைப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்க சுவாச சிகிச்சையாளர் சங்கம் 2012-லேயே வழிகாட்டியில் சொல்லிவிட்டது, சூடுபடுத்தி ஈரம் தரும் ஹ்யூமிடிஃபையரைத்தான் அது சொல்கிறது. உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதைக் கழற்றுங்கள். ஹ்யூமிடிஃபையர் வாங்கிய பிறகு இரண்டையும் சேர்த்து ஒருபோதும் போடாதீர்கள். ஈரம் ஏறி ஃபில்டர் நனைந்து காற்றே அடைத்துக்கொள்ளும், அது ஆபத்து. மெஷின் பின்னால் தூசி பிடிக்க இருக்கிற சின்ன ஃபில்டர் வேறு, அது இருக்கட்டும், கழற்றாதீர்கள்.

கான்சன்ட்ரேட்டரில் குமிழி விடுகிற பாட்டில் அந்த ஒரு லிட்டர் ஆக்சிஜனை மட்டும்தான் நனைக்கும், அதுவும் குளிர்ந்த தண்ணீர். பைபாப் அடிக்கும் மொத்தக் காற்று அதைவிடப் பல மடங்கு.

ஆகவே ஹ்யூமிடிஃபையர் தேவைதான். உங்கள் மெஷின் மாடலுக்குப் பொருந்துவதைத்தான் வாங்க வேண்டும், வேறு கம்பெனியுடையதை இடையில் செருகினால் அழுத்தம் மாறிப்போகும். நடு நம்பரில் ஆரம்பியுங்கள். மிகவும் சூடாக வைத்தால் அதுவே மூச்சு முட்டுவதாகச் சொல்வார்கள். மெஷினை அம்மா தலைக்குக் கீழான உயரத்தில் வையுங்கள், சின்ன ஸ்டூல் போதும். டியூபில் தேங்கும் தண்ணீர் மெஷின் பக்கம் வடியட்டும், மாஸ்க் பக்கம் வந்தால் முகத்தில் தெளித்து எழுப்பிவிடும். டியூபில் களகளவென்று சத்தம் கேட்டால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஃபேன் நேராக டியூப் மேல் அடிக்கவிடாதீர்கள், பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைத்துவிட்டாலே பாதி குறையும். சூடாகிற டியூப் கிடைத்தால் இந்தத் தொல்லையே இருக்காது, ஆனால் விலை கூட.

கடைசியாக ஒரு சோதனை. காலையில் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு மீதி என்று பார்த்துக் குறித்து வையுங்கள். கோடு வரை ஊற்றியது மூன்று மணிக்கே வற்றிவிட்டால் தண்ணீரோ நம்பரோ குறைவு என்று நினைக்காதீர்கள், முதலில் லீக்கைத் தேடுங்கள்.

---

குழித்துறை_ஆறு:

ஹ்யூமிடிஃபையர் தொட்டியில் ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) தினமும் வாங்கிக் கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் ஊற்றுகிறோம், இரண்டு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லை. இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கிற தண்ணீர் இருக்கிறதே, அதுவும் டிஸ்டில்டுதானே?

---

தக்கலை_சிஸ்டர்:

பேட்டரித் தண்ணீர் வேண்டவே வேண்டாம் அண்ணா. அது பேட்டரிக்காகச் செய்து பேட்டரிக்காக அடைத்தது, மனிதர் சுவாசிக்கும் காற்றில் கலப்பதற்கு என்று யாரும் பார்த்து அடைத்ததில்லை. கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும், தொட்டியின் அடித்தட்டில் வெள்ளையாகப் படியும், சூடு ஏறாது. அதைவிடக் கிருமி. வெதுவெதுப்பான, ராத்திரி முழுக்கத் தேங்குகிற தண்ணீர் கிருமிக்கு நல்ல இடம், ஏற்கெனவே நுரையீரல் கெட்டவருக்கு அதைக் காற்றோடு அனுப்புகிறோம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. ஒருநாள் டிஸ்டில்டு கிடைக்காமல் போனால் கொதித்து ஆறியதை வைத்து அந்த ராத்திரியைச் சமாளிக்கலாம், அதை வழக்கமாக்காதீர்கள். மருந்துக்கடையில் ஐந்து லிட்டர் கேனாகக் கேட்டுப் பாருங்கள், சின்ன பாட்டிலைவிடக் கட்டும்.

தண்ணீரைவிட முக்கியம் கழுவுவது. காலையில் மீதித் தண்ணீரைக் கொட்டுங்கள், நேற்றைய தண்ணீர்மேல் இன்றைக்கு ஊற்றக்கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், நன்றாக அலசி நிழலில் கவிழ்த்து வையுங்கள். வெயிலில் காயவைத்தால் பிளாஸ்டிக் கெடும். வாரம் ஒருமுறை ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவைத்து அலசினால் படிந்த வெள்ளை போய்விடும். மாஸ்க்கின் சிலிக்கானையும் தினமும் துடையுங்கள், முகத்து எண்ணெய் படிந்தால் அதுவே லீக்.

---

குலசேகரம்_மகள்:

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குக் காலையிலேயே டாக்டருக்கு போன் பண்ணினேன். இரண்டு ராத்திரி விட்டதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை, நாளைக்கு ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளை ஃபில்டரைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

சிஸ்டர், பல்செட் உண்டு. மேல் வரிசை முழுக்க. நீங்கள் கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. நேற்று ராத்திரி நனைத்த கையோடு உட்கார்ந்தேன், இடது வாயோரத்தில் காற்று சர்ரென்று அடிக்கிறது, தலையணைப் பக்கம் திரும்பிப் படுத்ததும் இன்னும் கூடுகிறது. கன்னம் நீங்கள் சொன்ன மாதிரியே உப்பி அடங்குகிறது. இத்தனை நாள் பக்கத்திலேயே படுத்திருந்தும் இதைக் கவனிக்கவில்லையே என்று மனசு என்னவோ பண்ணிவிட்டது.

ஒரு சந்தேகம். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போனால் நேரத்துக்கு வராது. ஹ்யூமிடிஃபையர் சேர்த்தால் இன்வெர்ட்டர் தாங்குமா?

---

முட்டம்_கடலோரம்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன் தங்கச்சி, அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்றைக்கு எங்கள் அப்பா வீட்டில் பைபாப்பில் இருந்தார். கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து கிடக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கடலில், யார் திரும்பினார்கள் யார் திரும்பவில்லை என்று தெரியாமல் ஊரே கரையில் நின்ற நேரம். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது, அது முன்னிரவிலேயே படுத்துவிட்டது.

பிறகுதான் ஒருவர் விளக்கினார். காற்றைத் தள்ளுகிற மோட்டார் அதிகம் இழுக்காது, தண்ணீரைச் சூடாக்குகிற தட்டும் சூடாகிற டியூபும்தான் பேட்டரியைத் தின்பவை. கான்சன்ட்ரேட்டர் அதைவிடவும் பல மடங்கு இழுக்கும். அன்றைக்கு நாங்கள் மூன்றையும் ஒரே இன்வெர்ட்டரில் போட்டிருந்தோம். கடைசியில் அப்பாவை நாகர்கோவிலில் ஜெனரேட்டர் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு ஜீப்பில் கொண்டுபோனோம், வழியெல்லாம் மரம்.

இப்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கரண்ட் போனால் எதை முதலில் நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது என்று. எங்களுக்கு, கரண்ட் இல்லாத நேரம் மட்டும் சூட்டை நிறுத்திவிட்டு மெஷினை ஓட்டலாம், வாயை அடிக்கடி நனைத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். ஆக்சிஜனுக்குச் சின்ன சிலிண்டர் ஒன்று தனியாக வைத்திருந்தோம். இன்வெர்ட்டர் வாங்குகிற கடையில் மூன்று கருவியின் வாட்ஸையும் காட்டிக் கணக்குப் போடச் சொல்லுங்கள், “தாங்கும் தாங்கும்” என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மெஷினைத் தூக்குவதற்கு முன் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அவசரத்தில் நாங்கள் அதை மறந்து, மோட்டாருக்குள் தண்ணீர் போய்விட்டது.

---

குலசேகரம்_மகள்:

பத்து நாள் ஆகிறது, சொல்லாமல் விடக்கூடாது என்று எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, அழுத்தத்தை டாக்டர் சற்று மாற்றினார். மாஸ்க் ஒரு அளவு சிறியது. பல்செட் இல்லாமல் படுக்கவைத்து, மெஷினை ஓடவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும் என்று நானே சொன்னேன், அங்கே இருந்த பையன் கொஞ்சம் முழித்தார், பிறகு செய்தார். ஹ்யூமிடிஃபையர் வந்து ஆறு நாள் ஆகிறது. முதல் ராத்திரி நாலாம் நம்பரில் வைத்தோம், “ஆவி பிடிக்கிற மாதிரி இருக்கு” என்று அம்மா முகத்தைத் திருப்பினார்கள், இரண்டுக்குக் குறைத்தபிறகு சரி. அரிப்புக்கு என்று பழைய சீட்டில் வாங்கித் தின்றுகொண்டிருந்த மாத்திரை ஒன்றை டாக்டர் நிறுத்தினார், அதுவும் வாயைக் காயவைக்குமாம்.

வறட்சி முழுக்கப் போகவில்லை. ஆனால் உதட்டு வெடிப்பு ஆறிவிட்டது, நாக்கு ஒட்டுவதில்லை. சளி முன்பு கயிறு மாதிரி இழுபட்டு வெளியே வராமல் கஷ்டப்படுவார்கள், இப்போது காலையில் இரண்டு இருமலில் வந்துவிடுகிறது. நேற்று பத்தேகால் மணிக்கு மாஸ்க் போட்டது, ஒரே ஒரு தடவை மூன்று மணிக்கு எழுந்து நாலு ஸ்பூன் சீரகத் தண்ணீர், பிறகு ஐந்தேமுக்கால் வரை தூக்கம். தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மீதி இருந்தது, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் தம்பி.

மூக்குத்தண்டில் மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறது. அதற்கு என்ன செய்ய, சிஸ்டர்?

---

தக்கலை_சிஸ்டர்:

விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். சிவப்பு வெளுத்துத் திரும்ப வந்தால் ஆரம்பம்தான், மேல் ஸ்ட்ராப்பை ஒரு கொக்கி தளர்த்துங்கள், கீழ் ஸ்ட்ராப் இரண்டும் சமமாக இருக்கட்டும். மூக்குத்தண்டுக்கு ஒட்டுகிற மெல்லிய பஞ்சுப் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், மாஸ்க் போடுமுன் ஒட்டிவிடுங்கள், ஒட்டியபிறகு லீக் வருகிறதா என்று மறுபடி கையை நனைத்துப் பாருங்கள். அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றாலோ தோல் உரிந்தாலோ காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். பகலில் கழற்றியிருக்கும் நேரம் அந்த இடத்தில் எதையும் தேய்க்க வேண்டாம், தேங்காய் எண்ணெயும்தான்.